கோல் அடிக்காத ரோபோ

இன்ஜினியரிங் காலேஜ் சிம்போசியங்களில் 'ரோபோ சாக்கர்' என்று ஒரு அயிட்டம் பெரும்பாலும் இருக்கும். பிளைவுட்டில் ஒரு களம், இரண்டு பக்கமும் கோல், நடுவில் பந்து, வயர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு மூலைக்கொருவராக மாணவர்கள். பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடும் ரோபோவுக்குத்தான் கூட்டம் கை தட்டும். ஆனால் ரெண்டு மூன்று ஆட்டத்தைக் கவனமாகப் பார்த்தால் வேறொரு சங்கதி தெரியும். பல நேரம் ஜெயிப்பது வேகமாக ஓடுகிற வண்டி இல்லை. எதிராளிக்குக் குறுக்கே போய் நகராமல் நிற்கிற வண்டி.

இது மோட்டார் வாங்கும்போதே தீர்மானமாகிவிடுகிற விஷயம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கியர் மோட்டார் கேட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை ஆர்பிஎம்?" என்றுதான். முதல் தடவை போகிற பையன்கள் 300 என்பார்கள். 7 செ.மீ. சக்கரம் மாட்டினால் அது நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடும். 100 ஆர்பிஎம் மோட்டார் அதே சக்கரத்தில் 37 செ.மீ. தான் போகும், பார்க்கவே பரிதாபமாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் மோட்டார் ஒன்றே என்றால், கியரில் வேகத்தை விட்டுக்கொடுத்த அளவுக்கு இழுவிசை கூடும். இரண்டும் நேருக்கு நேர் முட்டினால் 300 பின்னால் போகும்.

அப்படியானால் இன்னும் மெதுவான, இன்னும் பலமான மோட்டாராக வாங்கிக்கொண்டே போகலாமே? முடியாது. அங்கேதான் சக்கரம் குறுக்கே வருகிறது. உத்திரமேரூர்ப் பக்கம் சேற்றில் டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் டயருக்குப் பிடிப்பு இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்காகத்தான் நடவுக்கு முன் சேறடிக்கும்போது இரும்பில் கேஜ் வீல் மாட்டுகிறார்கள். ரோபோவுக்கும் அதே கணக்கு. அது தள்ளக்கூடிய அதிகபட்ச விசை, அதன் எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் வருவது. 50 கிலோ ரோபோ, ரப்பர் சக்கரம், கார்ப்பெட் தரை, கெழு 1 என்று வைத்தால் 50 கிலோ எடைக்குச் சமமான விசை. அதற்கு மேல் மோட்டார் போடுவது தண்டச் செலவு.

இந்தக் கணக்கு உச்சத்துக்குப் போன இடம் அமெரிக்காவில் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் போட்டி. முதல் போட்டி நடந்தது 1992-இல். பள்ளி மாணவர்களுக்கானது என்றாலும் ரோபோக்கள் ஐம்பது கிலோவைத் தாண்டும். மூன்று பேர் ஒரு கூட்டணி, எதிரே மூன்று பேர், ஆட்டம் சுமார் இரண்டரை நிமிடம். ரோபோக்கள் ஒன்றையொன்று தள்ளலாம், மறிக்கலாம். உடைக்கக் கூடாது. அதற்காகச் சுற்றிலும் பம்பர் கட்டாயம்: பிளைவுட், அதன்மேல் நீச்சல் குளத்தில் மிதக்கவிடும் நுரைக் குழாய், அதற்குத் துணி உறை. சுவரோடு சேர்த்து ஒருவரை அமுக்கிப் பிடிக்கவும் வரம்பு உண்டு. பல ஆண்டு விதிகளில் அது 5 நொடி.

அங்கே பார்த்தவுடன் ஆசை வருவது மெக்கானம் சக்கரத்தின் மேல். பெங்ட் இலோன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் 1970-களில் கண்டுபிடித்தது. சக்கரத்தின் விளிம்பில் 45 டிகிரி சாய்வாகச் சின்னச் சின்ன உருளைகள். வண்டியைத் திருப்பாமலேயே நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரலாம். ஆனால் தரையைப் பிடிக்கும் விசையும் அந்தச் சாய்விலேயே போவதால் முன்னோக்கித் தள்ளும் அதிகபட்ச பலத்தில் சுமார் 30 சதவீதம் காணாமல் போய்விடும். பக்கத்திலிருந்து ஒருவன் வந்து இடித்தால் இன்னும் மோசம். நண்டு நடை காட்டிய வண்டி மூலைக்குத் தள்ளப்பட்டு நிற்கும்.

அதற்கு நேர் எதிர் ஆறு சக்கர வண்டி. பக்கத்துக்கு மூன்று சாதாரண ரப்பர் சக்கரம், நடுச் சக்கரம் மட்டும் ஒரு 3 மி.மீ. கீழே இறங்கி இருக்கும். அந்த 3 மி.மீ. தான் சூட்சுமம். அதனால் ஒரு நேரத்தில் பக்கத்துக்கு இரண்டு சக்கரமே தரையைத் தொடும், வண்டி நீளம் குறைந்த மாதிரி ஆகி சுலபமாகத் திரும்பும். ஆறும் சமமாக இருந்தால் திரும்பும்போது ரப்பர் தரையில் இழுபட்டுத் தடதடவென்று குதிக்கும். (அம்மன் தேர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.) பக்கவாட்டில் நகராது, அழகில்லை, ஆனால் தள்ளினால் போகாது.

நல்ல தடுப்பு வண்டி செய்கிறவர்கள் இன்னொன்றும் கவனிப்பார்கள். மோட்டார் நின்றுபோவதற்கு முன்னால் சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பிக்கிற மாதிரி கியர் வைப்பார்கள். அந்தப் போட்டிகளில் வெகுகாலம் ஓடிய சிஐஎம் என்ற மோட்டார் அசையாமல் நின்றால் ஒன்றே சுமார் 130 ஆம்பியர் இழுக்கும். மொத்த ரோபோவுக்கும் மெயின் பிரேக்கர் 120 ஆம்பியர். நாலு மோட்டாரும் முட்டிக்கொண்டு நின்றால் 12 வோல்ட் பேட்டரி படுத்துவிடும், தடுக்கப் போனவன் நடுக்களத்தில் செத்த வண்டியாக நிற்பான். சக்கரம் வழுக்கினால் கரண்ட் அந்த அளவுக்கு ஏறாது.

இப்போது ஸ்வெர்வ் வந்துவிட்டது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓட ஒரு மோட்டார், திரும்ப ஒரு மோட்டார். எந்தத் திசைக்கும் போகும், பிடிப்பும் குறையாது. மெக்கானத்தின் பலவீனம் இதற்கு இல்லை. விலைதான் பலவீனம். நாலு சக்கரமும் எட்டு மோட்டாரும் சேர்ந்தால் லட்ச ரூபாயைத் தாண்டும். போட்டிப் பதிவுக் கட்டணமே சுமார் 6,000 டாலர், நம் கணக்கில் ஐந்து லட்சம்.

சரி, தடுப்பதில் லாபம் உண்டா? உதாரணத்துக்கு, ஒரு அணி தன் ரோபோவை வைத்து ஆட்டத்துக்கு 10 பாயிண்ட் எடுக்கிறது. எதிரே உள்ள பெரிய கை 60 எடுக்கிறது. அந்தப் 10-ஐ விட்டுவிட்டு பெரிய கையை மறித்து அதன் ஆட்டத்தில் 30 சதவீதத்தைக் குறைத்தால் 18 மிச்சம், நிகர லாபம் 8. காமர்ஸில் வாய்ப்புச் செலவு என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஆனால் தவறான இடத்தில் இடித்து ஒரு பெனால்டி வாங்கினால் அந்த 8-உம் போய்க் கைக்காசும் போகும். மறித்தவனுக்குப் பெயரும் கிடைக்காது. கபடியில் ரெய்டரைப் பிடித்தால் பிடித்த அணிக்கு ஒரு பாயிண்ட் ஏறும். இங்கே எவ்வளவு தடுத்தாலும் ஸ்கோர் போர்டில் பூஜ்யம்.

லீக் சுற்றில் யாரோடு யார் கூட்டணி என்பது குலுக்கல் மாதிரிதான். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் உத்திரமேரூரில் கல்லில் வெட்டிய குடவோலை முறை நினைவுக்கு வருகிறது. அங்கேயும் தகுதி விதிகள் முதலில், பிறகு குடத்துக்குள் பெயர் எழுதிய ஓலை, எடுப்பது ஒரு சிறுவன். ரோபோ போட்டியில் எடைக்கும் அளவுக்கும் தகுதி பார்த்தபின் கணினி அட்டவணை போடுகிறது. நாக் அவுட்டில்தான் குலுக்கல் போய், முன்னணி அணிகளே துணையைத் தேர்ந்தெடுக்கும். பணக்கார அணி தன் மூன்றாவது ஆளாகத் தேடுவது பெரும்பாலும் இன்னொரு ஷூட்டரை அல்ல. பழுதாகாத, ஓட்டத் தெரிந்த, மறிக்கத் தெரிந்த எளிய வண்டியை.

நம் ஊர் கல்லூரிகள் போகும் ரோபோகானில் இந்த வாய்ப்பு குறைவு. 2002-இல் டோக்கியோவில் தொடங்கிய அந்தப் போட்டியின் பல ஆண்டு ஆட்டங்களில் அவரவர் பகுதியில் அவரவர் வேலை. 2022-இல் புது டெல்லியில் நடந்தபோது மட்டும் நம் ஊர் ஏழு கல் ஆட்டமான லகோரியையே கருவாக வைத்தார்கள். கல்லுக்குப் பதில் ஐந்து வட்டுகள். ஒரு அணி அடுக்க வேண்டும். அடுக்கும் ரோபோவின் தலையில் ஒரு பந்து, அதைக் குறிபார்த்து எறிந்து தட்டிவிடுவது எதிரணியின் வேலை. தடுப்பும் ஒரு கலை என்று தெருவில் விளையாடிய பிள்ளைகளுக்கு எப்போதோ தெரியும். 2025-இல் உலான்பாத்தரில் கூடைப்பந்தைக் கொடுத்தார்கள். இனி மறிக்கிறவனுக்கும் மரியாதை வரலாம்.

2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை மானியம். 3டி பிரிண்டர் எல்லாம் வரும். அது கிடைக்காத கிராமப் பள்ளிப் பையன்கள் சாக்கர் களத்துக்கு வரும்போது கையில் இருப்பது நாலு 100 ஆர்பிஎம் மோட்டார், ஒரு பைக் பேட்டரி, பிளாஸ்டிக் சக்கரம். எடை வரம்பு இடம் கொடுத்தால் அந்தக் கனமான பேட்டரியே அவர்களுக்கு வரம், எடை கூடினால் பிடிப்பு கூடும். பிளாஸ்டிக் வழுக்கும், அதற்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சக்கரத்தின்மேல் ஒட்டிக்கொள்கிறார்கள். டியூபைப் பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.