பின்வரிசைக்கும் கை தட்டுங்கள்

எங்கள் பேரையூரில் கபடி தெரியாத பையன் கிடையாது. கிரிக்கெட்டுக்கு வறண்ட கண்மாய் இருக்கிறது. ஹாக்கி மட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களைத்தான் தேட வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலும் 2025 டிசம்பர் முதல் வாரத்தில் டீக்கடைப் பேச்சு ஹாக்கியாகவே இருந்தது. காரணம், உலகக் கோப்பை பக்கத்தில் வந்துவிட்டது. ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பையை நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்தின. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் புதிதாக நீலத் தரை விரித்திருந்தார்கள். போட்டியின் சின்னம் காங்கேயன் காளை. டிக்கெட்டும் இலவசம். இதற்குமேல் ஒரு மதுரை மாவட்டத்துக்காரனுக்கு என்ன வேண்டும்?

பேச்சு சூடு பிடித்ததற்கு இன்னொரு காரணம், இந்தியாவின் கணக்கு. சிலியை 7-0, ஓமனை 17-0, ஸ்விட்சர்லாந்தை 5-0. மூன்று ஆட்டத்தில் 29 கோல் போட்டாயிற்று, ஒன்றுகூட வாங்கவில்லை. முதன்முறையாக 24 அணிகள் ஆடிய போட்டி அது. ஆறு பிரிவுகளில் முதலிடம் பிடிக்கும் ஆறு அணிகளும், இரண்டாமிடத்தில் சிறந்த இரண்டு அணிகளும் காலிறுதிக்குப் போகும். இந்தியா யாருடைய தயவும் இல்லாமல் முதலிடத்தில் உள்ளே போனது. "கப்பு நமக்குத்தான்ணே, எழுதி வச்சுக்கங்க" என்று டீ மாஸ்டரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்து ஊரில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரி நாட்களில் ஃபுல்பேக் ஆடியவர். கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கோலே வாங்கலைன்னு சந்தோசப்படாதீங்கப்பா. யாருகிட்ட வாங்கலைன்னு பாருங்க. அடிக்கவே வராதவன்கிட்ட தடுத்தேன்னு சொன்னா அது தடுப்பா?"

ஸ்விட்சர்லாந்து ஆட்டத்தை டிசம்பர் 2-ஆம் தேதி இரவு மதுரையில் நேரில் பார்த்திருந்தேன். அவர் சொன்னபோதுதான் அன்றைக்கு நான் எதைப் பார்த்தேன் என்று யோசித்தேன். எனக்கு முன்வரிசையில் அப்பாவோடு வந்திருந்த ஒரு பையன், "அந்தக் கோலி சும்மாதானப்பா நிக்கிறாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் கேட்டதற்காக நானும் கொஞ்ச நேரம் பந்தை விட்டுவிட்டு நம் கோல்கீப்பரைப் பார்த்தேன். அவர் சும்மா நிற்கவில்லை. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போதே வட்டத்தின் விளிம்பு வரை முன்னே வருகிறார். பந்து வலப்பக்கம் போனால் இரண்டு எட்டு வலப்பக்கம் நகர்கிறார், இடப்பக்கம் போனால் இடப்பக்கம். வாய் ஓயவில்லை. கையை நீட்டி, முன்னால் நிற்கும் பின்வரிசைக்காரரை இன்னும் ஒரு கெஜம் உள்ளே வரச் சொல்கிறார். அவர் வந்து நின்ற இடத்துக்கே, சற்று நேரத்தில் எதிரணியின் நீளமான பந்து வந்து அகப்பட்டுக்கொண்டது. அரங்கத்தில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. ஆபத்து என்று ஒன்று வந்து போனதே யாருக்கும் தெரியாதபோது எதற்காகத் தட்டுவது?

நல்ல தற்காப்பின் தலையெழுத்தே இதுதான். சரியாக நடந்தால் கண்ணுக்குத் தெரியாது. தவறினால் ஊருக்கே தெரியும்.

தெரியவும் செய்தது. டிசம்பர் 5, சென்னை, பெல்ஜியத்தோடு காலிறுதி. இந்தியா 2-1 என்று முன்னால் நின்றது. ஹாக்கி ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி, மொத்தம் 60 நிமிடம். 59-ஆவது நிமிடத்தில் பெல்ஜியம் சமன் செய்துவிட்டது. ஷூட் அவுட்டில் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் தடுத்து நிறுத்தியதால் 4-3 என்று தப்பித்தோம். இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் ஜெர்மனி. முதல் பகுதி முடியும் தறுவாயில் அடுத்தடுத்து இரண்டு கோல், இடைவேளைக்குள் மூன்று, முடிவில் 1-5. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடமும் 0-2 என்று பின்தங்கிக் கிடந்து, கடைசி 11 நிமிடத்தில் நான்கு கோல் போட்டு 4-2 என வெண்கலம் வாங்கினோம். 2016-இல் லக்னோவில் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்குக் கிடைத்த பதக்கம் அது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் மூன்று ஆட்டத்தில் வாங்கிய கோல் பூஜ்யம், அடுத்த மூன்றில் ஒன்பது. வாத்தியார் டீக்கடையில் சொன்னது அதுதான்.

இது இந்தப் பையன்களோடு வந்த வியாதி அல்ல. இந்திய ஹாக்கியின் பழைய நோட்டைப் புரட்டினால், பெரிய போட்டிகளில் நாம் வெளியேறிய கதை பலவும் கடைசி நேரத்தில் வாங்கிய ஒரு கோலில் வந்து நிற்கும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னால் இருந்தோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து ஒரு கோல் போட்டது, 1-1. நமக்குக் கிடைக்க வேண்டிய இடத்தில் தென்கொரியா உள்ளே போய் வெள்ளியோடு திரும்பியது. அன்றைக்கு அணியின் பயிற்சியாளர் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர் அவர். அந்த மாஸ்கோ இறுதி ஆட்டமும் லேசில் முடியவில்லை. ஸ்பெயினை 3-0 என்று முந்தியிருந்தும் 4-3 என்றுதான் கரை சேர்ந்தார்கள். எட்டாவது தங்கத்துக்கும் ஏமாற்றத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு கோல்.

2016 ரியோவில் ஜெர்மனியிடம் ஆட்டம் முடிய மூன்று விநாடி இருக்கும்போது கோல் வாங்கி 1-2 என்று தோற்றோம். 2023 புவனேஸ்வர் உலகக் கோப்பை இன்னும் நல்ல பாடம். லீக் சுற்றில் இங்கிலாந்துக்கும் நமக்கும் தலா 7 புள்ளி. கோல் வித்தியாசத்தில் அவர்கள் முதலிடம், நேராகக் காலிறுதி. அவர்களை முந்த வேல்ஸை எட்டு கோல் வித்தியாசத்தில் வென்றிருக்க வேண்டும். 4-2 என்றுதான் வெல்ல முடிந்தது. ஆகவே நியூசிலாந்தோடு ஒரு கூடுதல் ஆட்டம். அதில் 3-1 என்று முன்னிலை பெற்று, 3-3 ஆகி, ஷூட் அவுட்டில் போனது. சொந்த மண்ணில், முதல் இரண்டு ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்காத அணிக்குத்தான் இந்தக் கதி. 2025 ஜூனில் ஐரோப்பாவில் நடந்த புரோ லீக் ஆட்டங்களில் சீனியர் அணிக்குத் தொடர்ந்து ஏழு தோல்வி. அதில் ஆறு தோல்வி ஒரே கோல் வித்தியாசத்தில். அதே அணி செப்டம்பரில் ராஜ்கிர் ஆசியக் கோப்பை இறுதியில் கொரியாவை 4-1 என்று வென்று உலகக் கோப்பைக்கு இடம் பிடித்தது. கோல் போடும் திறமைக்கு நம்மிடம் என்றைக்கும் பஞ்சமில்லை. போட்டதைக் காப்பாற்றுவதில்தான் தட்டுப்பாடு.

ஏன் இப்படி? வாத்தியாரிடம் கேட்டேன். டீக்கடை பெஞ்சிலேயே பெனால்டி கார்னர் வைத்துக் காட்டினார். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். பந்து உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டதும் முதல் ஆள் பாய்ந்து ஓட வேண்டும். எதிரே நிற்பவர் டிராக் ஃபிளிக்கில் எறியும் பந்து மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வரும். முகத்துக்குக் கவசம், முழங்காலுக்குப் பட்டை, கைக்கு உறை எல்லாம் உண்டு. ஆனாலும் 160 கிராம் கெட்டிப் பந்தை நோக்கி ஓடுவது ஓடுவதுதான். "எல்லாரும் பந்தை விட்டு விலகுவான். இவன் ஒருத்தன்தான் பந்துக்கு எதிர்ல ஓடணும். பந்து இவன் மேல பட்டுட்டா சபாஷ். படலைன்னா கோல். இதுக்கு எந்தப் பையன்டா ஆசைப்படுவான்?"

இந்தியாவுக்காக அப்படி முதலில் ஓடுபவர் அமித் ரோகிதாஸ். 2025 ஹாக்கி இந்தியா லீகில் தமிழ்நாடு டிராகன்ஸ் அணியின் தலைவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மீதி நேரம் முழுவதும் பத்துப் பேராக நின்று 1-1 என்று தாக்குப்பிடித்து ஷூட் அவுட்டில் வென்றோம். இந்தியத் தற்காப்பின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக அதைச் சொல்வேன். ஆனால் அரையிறுதியில் அவருக்குத் தடை. ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் விழுந்தது, கடைசிக் கோல் ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில் வந்தது, 2-3. ஒரு பின்வரிசைக்காரரின் அருமை அவர் இல்லாத நாளில்தான் தெரிகிறது.

கபடியில் இந்த நிலைமை இல்லை. பாடிப் போகிறவனுக்கு விசில் என்றால், அவன் காலைப் பிடித்து மடக்கிப் போடுகிறவனுக்கும் அதே விசில். எங்கள் ஊர்த் திருவிழா ஆட்டத்தில் ‘நல்ல பிடி’ என்று மைக்கில் பெயர் சொல்லிப் பரிசு கொடுப்பார்கள். ஹாக்கியில் அந்த வழக்கத்தை நாம் வளர்க்கவில்லை. கூட்டம் கோலுக்கு மட்டும் எழுந்து நிற்கிறது. பையன்களும் அதைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். ஹாக்கி ஊர் என்று பெயரெடுத்த கோவில்பட்டி எங்களுக்கு அதிக தூரமில்லை. அங்கே பிறந்து வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். பெருமைதான். இருவரும் முன்வரிசை. தமிழ்நாட்டிலிருந்து போய் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய கோல்கீப்பர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் 1968 மெக்சிகோவில் ஆடிய முனீர் சேட்தான்.

காசும் ஒரு காரணம். ஃபார்வர்டு ஆட ஒரு மட்டையும் ஷூவும் போதும். கோல்கீப்பருக்கு ஹெல்மெட், மார்புக் கவசம், கால் பேடு, கிக்கர், கையுறை என்று ஒரு மூட்டையே வேண்டும். பள்ளியில் ஒரு செட் இருந்தால் அதிகம். அதுவும் அளவு சேராது. சென்னையிலும் மதுரையிலும் இந்திய ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளராக நின்றிருந்த பி.ஆர். ஸ்ரீஜேஷின் கதையே இதற்குச் சாட்சி. கேரளத்தில் விவசாயக் குடும்பம். மகன் கோல்கீப்பராக வேண்டும் என்றபோது அந்தக் கவசங்களை வாங்கித் தர அப்பா மாட்டை விற்றார். அந்த மகன்தான் டோக்கியோ வெண்கல ஆட்டத்தில் 5-4 என்று இந்தியா முன்னால் இருக்க, ஆறு விநாடி மிச்சமிருந்தபோது ஜெர்மனியின் பெனால்டி கார்னரைத் தடுத்தவர். சிட்னியிலும் ரியோவிலும் நாம் தவறவிட்ட அந்தக் கடைசி நிமிடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு மாடு விற்ற காசு. எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் அது எவ்வளவு பெரிய முடிவு என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மாட்டை விற்கச் சொல்லி ஒரு விளையாட்டை வளர்க்க முடியாது.

அதனால் என் முடிவு இது. ஓர் அணி அரையிறுதிக்குப் போகுமா, கோப்பை வாங்குமா என்று கேட்டால் போட்ட கோலை எண்ணாதீர்கள். பலமான அணிக்கு எதிராகக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் எத்தனை வாங்கினார்கள் என்று பாருங்கள். பெனால்டி கார்னர் எத்தனை கொடுத்தார்கள் என்று பாருங்கள். பதில் அங்கே இருக்கிறது. அந்தப் பதிலை மாற்ற வேண்டுமானால் தேசிய முகாமில் மாற்ற முடியாது. பதினொரு வயதில் ஒரு பையனோ பெண்ணோ "நான் பின்னால நிக்கிறேன் சார்" என்று விரும்பிச் சொல்லும் நிலைமையைப் பள்ளிக்கூடத்தில் உண்டாக்க வேண்டும்.

ரேஸ்கோர்ஸின் நீலத் தரை உலகக் கோப்பையோடு முடிந்துபோகிற பந்தல் அல்ல. பேரையூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பள்ளி அணிகளுக்கு மாதம் ஒரு நாளாவது அங்கே ஆட இடம் கொடுங்கள். வட்டாரத்துக்கு ஒரு கோல்கீப்பர் செட்டாவது, பையன்களின் அளவுக்கு, பொதுவில் வாங்கி வையுங்கள். பரிசு மேடையில் அதிக கோல் போட்டவருக்குக் கோப்பை கொடுக்கும்போது சிறந்த தடுப்பாட்டக்காரருக்கும் அதே உயரத்தில் ஒரு கோப்பை கொடுங்கள். பார்க்கப் போகிறவர்களுக்கு வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பறித்து வெளியே தள்ளிய ஃபுல்பேக்குக்கும் கை தட்டுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.