ஒரம்பரை வரும் வீடு

போன தை மாதம் ஒரு புதன்கிழமை, குண்டடத்து அத்தை எங்கள் திருப்பூர் வீட்டுக்கு வந்து, பூட்டின கதவைப் பார்த்துவிட்டு, மாடிப்படியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து திரும்பிப் போய்விட்டார். எழுபத்தெட்டு வயது. கையில் பேரன் கல்யாணப் பத்திரிகை, ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள் பையில் காட்டில் பறித்த தட்டைக்காய். பத்திரிகையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் பையை வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறார். அத்தைக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்ததும் அந்த வாட்ச்மேன்தான். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்து வைத்திருந்த தண்ணீர்.

ராத்திரி போனில் பேசினேன். "ஒரு போன் பண்ணீட்டு வந்திருக்கலாமில்லீங்க அத்தை" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் சிரித்தார். "உங்க ஊட்டுக்கு வர்றதுக்கு எதுக்குக் கண்ணு போனு? ஒண்ணும் போச்சாது போ" என்றார்.

அன்றைக்கு வீடு துளிக்கூட அலங்கோலமாக இல்லை. சோபா விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. டீப்பாய் மேல் ஒரு தூசி கிடையாது. பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஊரில் இருந்த எங்கள் வீட்டை அத்தை நன்றாக அறிவார். அவர் பிறந்த வீடு அது. அவிநாசிபாளையம் என்றால் பலரும் அவிநாசியா என்பார்கள். அது வேறு. அவிநாசி திருப்பூருக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊர் தெற்கே, தாராபுரம் ரோட்டைக் கோவை–திருச்சி ரோடு குறுக்கே வெட்டுகிற நால்ரோட்டில். இப்போது அவிநாசியிலிருந்து திருப்பூர் வழியாக வரும் 381ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊரில்தான் 81இல் சேர்ந்து முடிகிறது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நம்பரெல்லாம் யாருக்குத் தெரியும். திருச்சி ரோடு, தாராபுரம் ரோடு, இடையில் ஒரு டீக்கடை. டீக்கடையில் வழி கேட்டால் எங்கள் வீட்டுத் திண்ணை வரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் கொறங்காட்டை ஒட்டிய ஓட்டு வீடு. முன்னால் வாசல், அப்புறம் திண்ணை, அதைத் தாண்டினால் ஆசாரம், அதாவது கூடம். ஆசாரத்தில் ஒரு கயிற்றுக் கட்டில், மூலையில் சுருட்டி நிறுத்தின பாய்கள், சுவரில் ஒரு நீளக் கொடி, ஒரு டிரங்குப் பெட்டி. உட்காரச் சொன்னால் விரிக்க ஒரு பவானி ஜமுக்காளம், சிவப்பும் பச்சையும் பட்டை போட்டது. பெரிய மனுசர் வந்தால்தான் அது இறங்கும். ஒன்பது பேர் இருந்த வீட்டின் ஆசாரத்தில் சாமான் என்று எண்ணினால் அவ்வளவே. பின்னால் மாடு கட்டக் கட்டுத்தரை, குளிக்கப் பொடக்காளி.

ஆசாரத்துக் கதவை ஒட்டி, உள்பக்கம், மரப்பலகை மேல் ஒரு மண்மொடா. அதன் வாயில் மூடியாக ஒரு பித்தளைத் தட்டு, தட்டின் மேல் கவிழ்த்த சொம்பு. ஆத்தா, என் அப்பாவைப் பெற்றவர், காலையில் வாசலுக்குச் சாணி தெளித்த கையோடு செய்கிற அடுத்த வேலை அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்ப்பது. அதில் வீட்டார் குடிக்கக் கூடாது. நாங்கள் குடிக்க அலுமினியப் போசி தனியாக இருந்தது. சொம்பு ஒரம்பரைக்கு, வருகிற விருந்தாளிக்கு. யார் படியேறினாலும் "வாங்க" என்ற சொல்லுக்கும் சொம்பு நீட்டுகிற கைக்கும் இடையில் ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. எதற்கு வந்தீர்கள் என்பதைத் தண்ணீர் உள்ளே இறங்கின பிறகுதான் கேட்பார். காக்கா ஓட்டின் மேல் கரைந்தால் உலையில் ஒரு கை அரிசி கூடப் போடுவார். காக்கா பொய் சொன்ன நாளில் எங்களுக்குப் பழையது கிடைக்கும். உண்மை சொன்ன நாளில் சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப்போட்ட அரிசிம்பருப்பு, மேலே நெய்.

இதையெல்லாம் இவ்வளவு துல்லியமாக நான் நினைத்துப் பார்க்கக் காரணம் என் மகள். 2019இல் மாரி கோண்டோ என்கிற ஜப்பானியப் பெண்மணியின் நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது அவள் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் காட்டினாள். வீட்டிலுள்ள ஒரே வகைச் சாமான்களை ஒரே இடத்தில் குவிக்க வேண்டும், ஒவ்வொன்றையும் கையில் எடுத்து இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்க வேண்டும், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். அந்தம்மா டி–சர்ட்டை மூன்றாக மடித்து டிராயரில் நிற்க வைப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் டி–சர்ட்டை, பையர் சொன்ன அளவுக்கு அரை இஞ்ச் பிசகாமல் மடித்துப் பாலிபேக்கில் போட வைப்பது என் பிழைப்பு. அதே நான் வீட்டுக்கு வந்தால், துவைத்த துணி பல வாரம் நாற்காலி மேல் குவியலாக ஞாயிற்றுக்கிழமை வரை கிடக்கும். திருப்பூரில் எந்த வீட்டுக்குள் போனாலும் அந்த நாற்காலியைப் பார்க்கலாம். (மூணாவது குழந்தை பிறந்த பிறகு தானும் வீட்டை அடுக்கி வைப்பதைக் கொஞ்சம் கைவிட்டுவிட்டதாக 2023இல் அந்தம்மாவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு ஒரு பிரியம்.)

சாமானையெல்லாம் வெளியே கொண்டுவந்து குவிக்கிற வித்தை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. மார்கழிக் கடைசியில் வருஷா வருஷம் நடக்கும். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டையே வாசலில் இறக்குவோம். அண்டா, குண்டா, குந்தாணி, பாய், டிரங்குப் பெட்டி, அட்டாலியில் கிடக்கும் உடைந்த கலப்பைக் கைப்பிடி வரை. வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஒன்று ஓட்டை, ஒன்று கரையான் அரித்தது என்று தெரியும். ஆத்தா எதற்கும் நன்றி சொன்னதில்லை, "இத எவன் இங்க வெச்சது?" என்பதோடு சரி.

வெறுமையான வீட்டுக்கு அப்புறம் சுண்ணாம்பு. முதல் நாளே மண்மொடாவில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார் அப்பா. அது தானாகவே கொதிக்கும். அடுப்பில்லாமல் கொதிக்கிற தண்ணீரை நாங்கள் எட்ட நின்று பார்ப்போம், கண்ணில் தெறிக்கும் என்று கிட்டே விடமாட்டார்கள். மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டி, ஒட்டுவதற்கு வஜ்ஜிரம், வெள்ளை எடுப்பாகத் தெரிய ஒரு சிட்டிகை நீலம். அடிக்கும்போது சுவர் ஈரச் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். இவ்வளவு பாடுபட்டு இதுதானா என்று தோன்றும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வீடு பளீரென்று எழுந்து நிற்கும். அடியில் முழ உயரத்துக்குக் காவிப் பட்டை. அந்த ராத்திரி, சாமான் இன்னும் உள்ளே வராத ஆசாரத்தில், சுண்ணாம்பு வாசத்தில் எல்லாரும் வரிசையாகப் படுத்துக்கொள்வோம். பேசினால் குரல் திரும்பி வரும். அந்த ஒரு ராத்திரியைப்போல நான் வேறு எங்கும் தூங்கினதில்லை.

போகிக்கு எங்கள் பக்கம் கொளுத்துவதைவிடக் கட்டுவதுதான் பெரிது. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து இறவாரத்தில் செருகுவோம், கட்டுத்தரையில், காட்டு மூலையில். காப்புக் கட்டு. அப்புறம் வீடு தயார்.

ஏக்கத்தில் எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிற ஒன்றை நானும் விட்டுவிடக் கூடாது. ஆத்தாவின் "வாங்க" எல்லாரையும் ஒரே இடம் வரை கூட்டி வரவில்லை. சிலருக்கு ஆசாரம் வரை, சிலருக்குத் திண்ணை வரை. காட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு வாசலுக்கு வெளியே, கட்டுத்தரைப் பக்கம். அவர்களுக்குத் தண்ணீர் தேங்காய்த் தொட்டியில். பளபளவென்று தேய்த்த அந்தச் சொம்பு அவர்கள் கைக்குப் போனதே இல்லை. எங்கள் வாசலை மெழுகச் சாணி கூட்டிக் கொடுத்ததும், சுவர் அடிக்க ஏணியில் நின்றதும் அவர்கள்தான். சின்ன வயதில் இது எனக்கு உறுத்தியது என்று சொன்னால் பொய். உறுத்தவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த வீடு எந்நேரமும் திறந்திருந்தது என்றால், எந்நேரமும் அதற்குள் ஒரு பொம்பளை இருந்தார் என்று அர்த்தம். ஆடிக் காத்து பாலக்காட்டுப் பக்கமிருந்து செம்மண்ணை வாரிக்கொண்டு வரும். மேற்கு ஜன்னலைச் சாத்தினாலும் ஓட்டிடுக்கு வழியாக மாவு மாதிரி இறங்கும். மூணு வேளையும் சீமாறு பிடிக்க வேண்டும். ஆத்தா அந்த வீட்டை விட்டு இரண்டு நாள் சேர்ந்தாற்போல வெளியே தங்கி நான் பார்த்ததில்லை.

1978 வாக்கில் ஐரோப்பாவுக்குப் பனியன் போக ஆரம்பித்ததிலிருந்து திருப்பூர் ஊதிப் பெருகிற்று. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் விடியற்காலையில் கம்பெனி வேன் எங்கள் நால்ரோட்டுக்கே வந்துவிட்டது. அம்மா செக்கிங் வேலைக்கு ஏறினார். ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வந்த முதல் வாரம், ஆத்தாவிடம் கொடுக்காமல் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் பூட்டுச் சத்தம் அது. அம்மாவின் முகத்தில் அன்று இருந்த களையை இந்தச் சுண்ணாம்பு, காவி எதற்கும் ஈடாக நான் கொடுக்க மாட்டேன்.

அம்மா கட்டிங் வேஸ்ட் கொண்டு வருவார். ஆத்தா அதைக் கிழித்துச் சடை பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்துக் கால்மிதி செய்வார். ஒரு வருஷம் எல்லாம் ஆரஞ்சு, ஒரு வருஷம் சாம்பல் நீலம். வெள்ளைக்காரர் ஊரில் அந்த வருஷம் என்ன நிறம் ஓடியது என்பது எங்கள் கால்மிதியைப் பார்த்தால் தெரியும். ஆத்தா போனபோது பதினேழு கால்மிதி மிச்சமிருந்தது.

அப்புறம் எல்லோர் வீட்டுக் கதைதான். ஓட்டைப் பிரித்துத் தார்சு போட்டார்கள், திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர் வைத்த கடை. நிலைக்கதவை ஒரு பழஞ்சாமான் வியாபாரி வந்து வாங்கிப் போனார். இப்போது மேலும் கீழும் அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்கள். வாடகை ஒழுங்காக வருகிறது.

சொம்பு என்னிடம் இருக்கிறது. அத்தை வந்துபோன மறுநாள் லாஃப்ட்டிலிருந்து இறக்கி, புளி போட்டுத் தேய்த்தேன். நசுங்கின இடத்தில் மட்டும் கறுப்பு போகவில்லை. கதவை ஒட்டி வைக்கப் போனால் அங்கே செருப்பு ஸ்டாண்ட். அதை வெளியே தள்ளிவிட்டு, ஒரு முக்காலி போட்டு, வாட்டர் கேனையும் சொம்பையும் வைத்திருக்கிறேன். என் மகள் அது அழகாக இல்லை என்கிறாள். அழகாக இல்லைதான்.

பேரன் கல்யாணத்தில் அத்தையைப் பார்த்துக் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் திருப்பூர்ப் பக்கம் வந்தால் வாங்க. ஞாயிற்றுக்கிழமை என்றால் இருப்பேன். மற்ற நாளில் வருவதாக இருந்தால் மட்டும் ஒரு போன் பண்ணிவிட்டு வாங்க.