தட்டிப் பார்த்த படகு



சென்ற திருவிழாவின்போது மடப்பள்ளியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த என்னிடம், "அண்ணை, வீட்டுக் கராஜிலை படகு கட்டினீங்களாமே, அதை மலருக்கு எழுதித் தாருங்கோவன்" என்று செயலாளர் தம்பி கேட்டார். நான் படகு கட்டவில்லை. பழைய படகு ஒன்றைத் திருத்தினேன். அதையும் முதலில் பிழையாகத் திருத்தினேன். அந்தப் பிழையையும் சேர்த்து எழுதச் சம்மதமென்றால் எழுதுகிறேன் என்றேன். அவரும் சம்மதித்தார்.

கண்ணாடியிழை வேலை எனக்குக் காரைநகரில் பழகியது. யாழ்ப்பாணத்திலிருந்து 1956இல் நோர்வேக்குச் சென்ற அன்ரனி இராஜேந்திரம் அவர்களின் முயற்சியாலும் நோர்வே மக்களின் உதவியாலும் 1967இல் உருவானது சீநோர் நிறுவனம். காரைநகரில் அதன் படகுத்துறையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் இருந்ததை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். நான் 1978 முதல் நாலு வருடம் அந்தப் படகுத்துறையில் வேலை செய்தேன். அச்சுக்கு மெழுகு பூசி, நிறப்பூச்சு அடித்து, அதன்மேல் இழைப்பாயை விரித்து ரெசின் ஊற்றி உருளையால் தேய்ப்போம். காய்ந்ததும் முழுப் படகும் அச்சிலிருந்து கழன்று வரும். மர வள்ளத்தைப் போல அதற்கு ஆண்டுதோறும் எண்ணெய் பூசவும் இடுக்கு அடைக்கவும் தேவையில்லை. "இது உக்காது, செல்லரிக்காது" என்று சொல்லித்தான் எங்களுக்கு வேலை பழக்கினார்கள். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல என்பதை நாற்பது வருடம் கழித்து டென்மார்க்கில் படித்தேன்.

2021ஆம் ஆண்டு புரட்டாதியில், எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பண்ணை வீட்டின் பின்னால் 17 அடிப் படகு ஒன்று பாசி பிடித்துக் கிடந்தது. எழுபதுகளில் செய்தது. செய்தவர் பெயர்த் தகடும் இல்லை. கண்ணாடியிழை மண்ணோடு மண்ணாகாது; உருக்கி வேறு பொருள் செய்யவும் முடியாது. ஆகவே இப்படிப்பட்ட பழைய படகுகளை அகற்றுவது எவர்க்கும் தலையிடி. "இழுவையோடு கொண்டுபோனால் போதும், காசு வேண்டாம்" என்றார் அந்த டேனிசுக்காரர்.

வீட்டில்தான் பிரச்சினை. என் மனைவியின் மூத்த அண்ணா 1986இல் இரவுத் தொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. அந்த வருடந்தான் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். அதற்குப் பிறகு அவர் கடற்கரைக்கு வந்தால் மணலில் நிற்பார். தண்ணீரில் கால் வைக்கமாட்டார். படகைக் கண்டதும், "இஞ்சாருங்கோ, நீங்கள் என்னவும் செய்யுங்கோ. என்னை மட்டும் அதிலை ஏறச் சொல்லாதேங்கோ" என்றார். "பயப்பிடாதை. உன்னை ஏற்றக்கூடிய மாதிரி உறுதியாகச் செய்து தருவன்" என்று நான் வீரம் பேசினேன்.

அந்த மாரியில் படகைக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, வெள்ளை நிறம் பூசினேன். எஞ்சின் பூட்டும் பின்தட்டில் இரண்டு இடத்தில் மெல்லிய கீறல் இருந்தது. அதன்மேல் இரண்டு இழைப்பாய் ஒட்டி மினுக்கிவிட்டேன். 2022 வைகாசியில் பார்த்தவர்கள் எல்லாம் புதுப்படகு என்றார்கள்.

எங்கள் மகள் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை செய்கிறாள். இறகும் படகும் ஒரே குடும்பம். யூலாந்தின் லுண்டர்ஸ்கோவ் என்ற சிற்றூரில் 1940இல் தளபாடத் தொழிற்சாலையாகத் தொடங்கிய எல்.எம். நிறுவனம், ஐம்பதுகளில் கண்ணாடியிழைக்கு மாறிப் படகுகளும் செய்தது. 1978இல் இறகு செய்யத் தொடங்கியது. மகள் வேலை செய்வது வேறோர் இடம்; ஆனால் வேலை அதே வேலை. அவள் படகைச் சுற்றி வந்து, பத்துக் குரோனர் நாணயத்தை எடுத்து உடம்பெங்கும் தட்டினாள். பக்கச் சுவரில் "டக், டக்" என்று கணீரெனக் கேட்டது. பின்தட்டில் நனைந்த பெட்டியைத் தட்டியதுபோல மந்தமாகக் கேட்டது. என் முகத்தைப் பார்த்தாள். உட்புறமாகச் சிறு துளை ஒன்று போட்டோம். மண்ணிறத் தண்ணீர் வடிந்தது.

"அப்பா, இதிலையோ அம்மாவை ஏற்றப் போறீங்கள்?" என்று கேட்டாள்.

எனக்கு நாக்கு எழவில்லை. கீறலைக் கண்டபோதே உள்ளே ஏதோ இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். வெட்டித் திறந்தால் ஒரு வருடம் போய்விடுமே என்று மூடிவிட்டேன்.

உக்காதது கண்ணாடியிழை மட்டுந்தான். எஞ்சினின் பாரத்தையும் உதைப்பையும் தாங்குவதற்காகப் பின்தட்டின் நடுவில் ஒட்டுப்பலகை வைத்து இருபுறமும் இழை போர்த்தியிருப்பார்கள். பிற்காலத்தில் யாரோ ஆணியடித்தபோதோ துளையிட்டபோதோ ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டால், அந்த வழியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிப் பலகையைச் சேறாக்கும். வெளித்தோல் மினுமினுவென்றே இருக்கும். நல்ல வேகத்தில் போகும்போது எஞ்சின் தட்டோடு பிய்ந்து போனால், அந்த வாயால் கடல் உள்ளே வரும்.

அடுத்த கிழமையே வெட்டத் தொடங்கினேன். வெளித்தோல் வளையாதிருக்க வெளியே பலகை வைத்து இறுக்கி, உட்தோலைக் கிரைண்டரால் அறுத்து எடுத்தேன். உள்ளே கறுத்துப்போன பலகையைக் கையாலேயே அள்ளலாம். வாளி வாளியாக அள்ளினேன். நல்ல பலகை வரும்வரை வெட்டுவோம் என்றால், நல்ல பலகையே இல்லை. முழுவதையும் எடுத்துவிட்டு மாரி முழுவதும் படகைத் திறந்தபடி காயவிட்டேன்.

2023 சித்திரையில் மீண்டும் தொடங்கினோம். கடற்பாவனைக்கான 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை இரண்டை ஒன்றாக ஒட்டி உள்ளே பதித்தோம். இழைப்பாய் கூர்மூலையில் மடியாது, காற்றுக்குமிழ் நிற்கும். எனவே மூலைகளைப் பசையால் வளைவாக்கினோம். பிறகு சதுர மீற்றருக்கு 450 கிராம் பாயில் ஐந்து அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் முந்தியதைவிட அகலமாக, பக்கச் சுவர்மேல் ஏறவேண்டும். பழையதும் புதியதும் சேரும் இடத்தைச் செங்குத்தாக விடாமல், கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்து ஒட்டவேண்டும். குறுகிய ஒட்டு விட்டுவிடும். நீண்ட ஒட்டுத்தான் நிற்கும்.

காரைநகரில் வெயிலுக்குப் பயந்து ஹாட்னரைக் குறைப்போம். இங்கே குளிர்தான் பகை. கராஜை 18 பாகையில் வைத்து, ஒரு கிலோ ரெசினுக்கு 20 கிராம் கலந்தேன். நெருப்பெரியும் சூடாக்கி கூடவே கூடாது, ஆவி தீப்பற்றும். ஆவிக்கும் தூசுக்கும் ஏற்ற முகமூடி கட்டாயம். காரைநகரில் நாங்கள் வாயில் சாரத்துண்டு கட்டி வேலை செய்தவர்கள், அது அறியாமை. எஞ்சின் ஆணித் துளைகளைப் பெரிதாகப் போட்டு, எப்பொக்சியால் நிரப்பி, நடுவில் மறுபடி துளைத்தேன். இனி ஆணி பலகையைத் தொடாது.

சில மாற்றங்களும் செய்தோம். எங்கள் முழங்கால்களுக்கு ஏற்ப இருக்கையை உயர்த்தினோம். ஏறி இறங்கக் கைபிடி வைத்தோம். முக்கியமாக, இருக்கைகளின் கீழ் தண்ணீர் உறிஞ்சாத நுரைக்கட்டி 300 லீற்றர் அளவுக்கு அடைத்துக் கட்டினோம். அது தண்ணீரில் ஏறக்குறைய 290 கிலோ பாரத்தைத் தூக்கும்.

வைகாசி நடுவில் வைலே குடாவின் ஆழமில்லாத ஓரத்தில் படகை இறக்கினோம். எஞ்சினுக்குப் பதிலாக அதே நிறையில் மணல்மூட்டையைப் பின்தட்டில் கட்டி, நானும் மகளும் ஏறி, அடைப்பைக் கழற்றி, வாளியாலும் தண்ணீர் ஊற்றினோம். மனைவி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்புவரை தண்ணீர் நிறைந்தது. படகு தாழவில்லை; கவிழவுமில்லை. இடுப்பளவு குளிர்நீரில் இருந்தபடி கையசைத்தோம்.

நாங்கள் நடுங்கிக்கொண்டு கரையேறியபோது அவர் துவாயை நீட்டிச் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணாவின்ரை வள்ளம் இப்பிடி மிதந்ததோ தெரியாது."

முப்பத்தேழு வருடத்தில் அவர் அந்த வள்ளத்தைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

அடுத்த ஞாயிறு தேங்காய் உடைத்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, எஞ்சினைப் பூட்டினோம். மூவரும் உயிர்காப்பு அங்கி போட்டோம். அவர் கைபிடியை இறுகப் பற்றிக்கொண்டு ஏறினார். இருபது நிமிடம் ஓடினோம், அவர் பேசவில்லை. திரும்பும்போது கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். வைகாசியில் இந்தக் கரைகளுக்கு டேனிசுக்காரர் ஹோர்ன்பிஸ்க் என்னும் மீன் கூட்டமாக வரும். நம் முரலின் இனந்தான், முள் பச்சை. அன்று மகளின் தூண்டிலில் மூன்று பட்டது. வெள்ளிக்கிழமை இல்லாதபடியால் இரவு வீட்டில் முரல் சொதி.

பழைய படகு வாங்க எண்ணும் அன்பர்கள் நிறத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். நாணயத்தால் தட்டிப் பாருங்கள். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பின்தட்டு அசைந்தால் உள்ளே பலகை போய்விட்டது. போயிருந்தால் மூடாதீர்கள், வெட்டுங்கள். ஒரு வருடம் போகும், போகட்டும். கிரைண்டரும் முகமூடியும் என் கராஜில் இருக்கின்றன. கேட்டு வருபவர்களுக்குத் தேநீரும் உண்டு.