மறுவாழ்வு

'மறுவாழ்வு' என்ற சொல்லை நான் அகதிகளோடும் குடியை விட்டவர்களோடும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன். இதயத்துக்கும் அப்படி ஒன்று உண்டு என்பது எனக்கு மாரடைப்பு வந்த பிறகே தெரிந்தது. அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து, ஸ்டென்ட் என்னும் சிறு வலைக் குழலை அங்கே நிறுத்தி, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த காகிதத்தின் கடைசி வரி, 'இதய மறுவாழ்வுப் பயிற்சி, 12 வாரம்' என்றது. மாத்திரைப் பட்டியலை ஆறு தடவை படித்த என் வீட்டார் அந்த ஒரு வரியை மட்டும் படிக்கவேயில்லை.

படிக்காததற்குக் காரணம் இருந்தது. மாரடைப்பு வந்து பிழைத்தவன் நம் வீடுகளில் கொலுப் பொம்மையாகிவிடுகிறான். தண்ணீர் குடிக்க எழுந்தால், "நீங்கள் உட்காருங்கள்" என்று ஒரு குரல். மாடிப்படியில் கால் வைத்தால் நான்கு குரல். பார்க்க வந்த பெரியப்பா மகன், "இனிமேல் உனக்கு என்னடா வேலை? ராஜா மாதிரி படுத்துக்கொள்" என்று சொல்லி, நான் தின்னக்கூடாத முறுக்கை மென்றபடி ஆறுதல் கூறினார். எல்லாம் அன்புதான். ஆனால் அந்த அன்புக்கு அடியில் இருந்தது பயம். இரவில் என் மனைவி நான் மூச்சு விடுகிறேனா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். நானோ நெஞ்சில் எழும் ஒவ்வொரு சுருக்கையும் எடை போட்டுக்கொண்டு கிடப்பேன். தூங்குவதாக ஒருவருக்கொருவர் நடித்தோம்.

'படுத்துக்கொள்' என்பது பெரியப்பா மகனின் சொந்தச் சரக்கு அல்ல. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். மாரடைப்பு வந்தவர் ஆறு வாரம் அசையாமல் கட்டிலில் கிடக்க வேண்டும். சோற்றைக்கூடப் பிறர்தான் ஊட்ட வேண்டும். கிடந்தவர்களின் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்தது. அந்த உறைவு நுரையீரலுக்குப் போய்ச் சிலரைக் கொன்றது. மிஞ்சியவர்களின் தசையும் தைரியமும் கரைந்தன. பாஸ்டனில் சாமுவேல் லெவைன் என்ற டாக்டர், தம் இளைய சகாவான பெர்னார்ட் லௌனுடன் சேர்ந்து, நோயாளிகளைச் சில நாட்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்து, அதன் பலனை 1952-ல் வெளியிட்டார். வெறும் நாற்காலி! அதுவே அன்று பெரிய துணிச்சல்.

1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு டென்வரில் மாரடைப்பு வந்தது. அவரைப் பார்த்த டாக்டர் பால் டட்லி வைட், நடப்பதிலும் சைக்கிள் மிதிப்பதிலும் தீவிர நம்பிக்கை உள்ளவர். நோயாளி படிப்படியாக எழுந்து நடந்தார். 1956 தேர்தலில் நின்று வென்றார். 1969 வரை உயிரோடு இருந்தார். மாரடைப்போடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்பதை உலகம் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டது.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு டல்லாஸ் நகரில் 1966-ல் ஒரு சோதனை நடந்தது. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேர் மூன்று வாரம் படுத்துக் கிடந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை மறுபடியும் சோதித்தார்கள். முப்பது ஆண்டு மூப்பு அவர்கள் உடலின் உழைக்கும் சக்தியைக் குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் குறைத்திருந்தது! இதைக் கேட்ட பிறகு என் கட்டிலைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பயிற்சிக் கூடத்தில் முதல் நாள் என்னவோ மல்யுத்தம் செய்யச் சொல்வார்கள் என்று எண்ணினேன். பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். "சார், இந்த நடையில் ஆறு நிமிஷம் போய்ப் போய் வாருங்கள். ஓட வேண்டாம். மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம்" என்றாள். 310 மீட்டர் நடந்தேன். அவள் அதை எழுதிக்கொண்டாள். இனி நான் தோற்கடிக்க வேண்டிய ஆள் அந்த 310 ஒன்றுதான்.

நெஞ்சில் ஈ.ஸி.ஜி. ஒயர்களை ஒட்டிக்கொண்டு டிரெட்மில்லில் நடக்கும்போது, சுவரில் ஒரு பட்டியல் தெரியும்: 6 முதல் 20 வரை எண்கள். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் என்பவர் வகுத்தது. 6 என்றால் சும்மா இருப்பது. 20 என்றால் இதற்குமேல் முடியாது என்பது. எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான வாலிபனின் நாடித்துடிப்பு ஏறக்குறைய வரும். நாங்கள் சாப்பிடும் மாத்திரைகளில் சில, நாடியைப் பிடித்து அடக்கிவிடுகின்றன. ஆகவே நாடியை மட்டும் நம்ப முடியாது, எங்களையே கேட்டார்கள். பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் இருந்தால் சரி. எளிய கணக்கும் ஒன்று உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் அப்படி வந்து, உட்கார்ந்தும் தணியாவிட்டால் 108-ஐக் கூப்பிட வேண்டும், யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

என்னோடு ஒரு தலைமையாசிரியர் இருந்தார், பைபாஸ் ஆனவர். நெஞ்செலும்பை அறுத்துச் சேர்த்திருந்ததால், இருமும்போது சிறு தலையணையை மார்போடு அணைத்துக்கொள்வார். எலும்பு கூடும்வரை குடத்தைத் தூக்கக் கூடாது. ஒரு லாரி டிரைவர் இருந்தார். மூன்றாம் வாரம் அவர் காரணமில்லாமல் அழுதார். அங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை. மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு பலருக்கு வருவதுதான் என்று சொல்லி, அதற்கும் ஒரு ஆளை வைத்திருந்தார்கள். தாம்பத்தியத்தைப் பற்றி எல்லோரும் கேட்க விரும்பி, யாரும் கேட்காத கேள்விக்கு டாக்டரே பதில் சொன்னார்: "இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏறுகிறவருக்குப் பெரும்பாலும் பயமில்லை." தலைமையாசிரியர் மறுநாளிலிருந்து லிஃப்டைத் தொடவில்லை.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். 2021-ல் 85 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள்; இருபத்துமூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். பயிற்சி செய்தவர்களுக்கு மறு மாரடைப்பும், ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதும் குறைந்திருந்தன. நம் நாட்டில் 24 மருத்துவ நிலையங்களில், ஏறக்குறைய நாலாயிரம் பேரிடம் யோகாசனத்தை வைத்துச் சோதித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். அதில் மரணம் குறைந்ததாக நிரூபணமாகவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்பும் சக்தி கூடியிருந்தது. எனக்கு அதுவே பெரிய செய்தியாகப் பட்டது. உயிர் இருப்பது ஒன்று. கடைத்தெருவுக்குப் போய் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குவது இன்னொன்று.

எங்கள் கூட்டத்தில் பெண்கள் அபூர்வம். ஒரே ஒரு அம்மாள் வந்தார். நான்காம் வாரத்தோடு நின்றுவிட்டார். காலையில் வீட்டில் சமைக்க ஆளில்லை. "அம்மா வீட்டிலேயே ஓயாமல் நடக்கிறாங்களே, அது போதாதா?" என்று அவர் மகன் கேட்டாராம். பிசியோதெரபிப் பெண் அதற்குச் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை: "வேலை உடம்பைக் களைக்க வைக்கும் சார். பயிற்சிதான் பலப்படுத்தும். விடாமல் இருபது நிமிஷம், வாரா வாரம் கொஞ்சம் கூட்டி. அடுப்பு அப்படி விடாது." வீட்டிலிருந்தே முறையாகச் செய்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே என்பதால், மொட்டைமாடி நடைக்குத் திட்டம் எழுதி அனுப்பி, வாரம் ஒருமுறை டெலிபோனில் விசாரித்தாள். பன்னிரண்டாம் வாரம் அந்த அம்மாள் ஆறு நிமிஷ நடைக்கு வந்தார். நடந்து முடித்ததும், "பதின்மூன்று" என்றார். மகன் பக்கத்தில் நின்று சுற்றுக்களை எண்ணிக்கொண்டிருந்தார். இப்போது காலைச் சமையலில் பாதி அவருடையதாம்.

நான் 430 மீட்டர் நடந்தேன். மாத்திரைகள் நிற்கவில்லை, உப்புக் குறைவு நிற்கவில்லை, நடையும் நிற்கப் போவதில்லை. என் மனைவி முதல் வாரங்களில் என்னோடு காவலுக்கு நடந்தாள். இப்போது அவளுக்கே அது பழக்கமாகி, மழை நாளில் நான் சோம்பினால் அவள்தான் குடையை எடுக்கிறாள்.

உங்கள் வீட்டில் யாரேனும் இப்படிப் பிழைத்து வந்தால், டாக்டரிடம் அந்தக் கடைசி வரியைப் பற்றிக் கேளுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு, தலையணையைத் தட்டிப் போடுவதை நிறுத்திவிட்டு, செருப்பை எடுத்து வாசலில் வையுங்கள். கூட நடக்க ஒருவர் வந்தால் இன்னும் நல்லது.