குளிர்ந்த சக்கரம்

பிரேக் பிடிக்காமல் கன்டெய்னர் லாரி மோதியது என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம், அந்த பிரேக்கைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று யோசிப்பேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்க்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். “தொடுத ஆளையே காட்டுதேன், வாரும்” என்று மதுரை பைபாஸ் ஓரத்துத் தகரக் கொட்டகை ஒன்றுக்கு அழைத்துப்போனார்.

கொட்டகைக்காரருக்கு 55 வயதிருக்கும். டிரைவர்களுக்கு அவர் அண்ணாச்சி. அப்பா உப்பளத்தில் உப்பு வாரியவர். இவர் 14 வயதிலேயே லாரிப் பட்டறைக்கு வந்துவிட்டார். 1999-ல் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் தொடங்கியதும் டிரைலர்கள் பெருகின. அதன்பிறகு அவர் கையில் வேறு வேலையே இல்லை. டிரைலர் பிரேக் மட்டும்தான்.

நாங்கள் போனபோது ஒரு டிரைலர் நின்றிருந்தது. “பின் அச்சுல இடது சக்கரம் கொதிக்கு அண்ணாச்சி” என்றார் டிரைவர். அண்ணாச்சி ஸ்பேனரை எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, காற்று 8 கிலோ ஏறியதும் அணைக்கச் சொன்னார். ரோட்டில் சத்தம் ஓய்கிற நேரம் பார்த்துக் குனிந்து காதைக் கொடுத்தார். பெடலை மிதித்தால் மட்டும் சீறினால் பிரேக் லைனில் கசிவு; மிதிக்காமலே சீறினால் டேங்குக்குக் காற்று வரும் லைனில் கசிவு. சந்தேகப்பட்ட இணைப்பில் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். நுரை கொப்பளித்த இடத்தில் உதவிக்கு இருந்த பையன் ரப்பர் வாஷரை மாற்றினான்.

அதன்பின் ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனார். கொதித்த சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தார்.

“இது பச்சத்தண்ணியா இருக்கு பாருங்க சார். இது செத்துப்போனதால அது ரெண்டு ஆள் வேலை பாக்குது. சுடுததைக் கண்டு டிரைவர் பயப்படுதாரு. குளுந்ததுதான் ஆளைக் கொல்லும்.”

அடியில் எட்டிப் பார்த்தேன். அந்தச் சக்கரத்துக்கு வரும் ஹோஸ்களை மடக்கிக் கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தார்கள். காற்றின் அழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் பூஸ்டரின் பின்பக்க நடுவில் நீளமான போல்ட் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

அந்தப் போல்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூஸ்டருக்குள் தடித்த ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. காற்று இருக்கும்வரை அதை அமுக்கி வைத்திருக்கும். ஹோஸ் அறுந்து காற்று போனால் ஸ்பிரிங் விடுபட்டு, சக்கரத்தைப் பிடித்துவிடும். காற்று போனால் வண்டி நின்றுவிட வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-லேயே ரயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு டிரைலர்கள் பலவற்றில் மின்காந்த பிரேக். அங்கும் டிரைலர் கழன்று ஓடினால், அதிலேயே இருக்கும் தனி பேட்டரி பிரேக்கைப் பிடிக்க வைக்கும்.

போல்ட்டை உள்ளே விட்டு முறுக்கினால் ஸ்பிரிங் அடங்கும். பூஸ்டரைக் கழற்றுகிற மெக்கானிக்கின் உயிரைக் காக்க வந்த போல்ட் அது. அதைப் போடாமல் கிளாம்பைக் கழற்றிய தன் குருநாதரின் தாடை உடைந்ததை அண்ணாச்சி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். நடுவழியில் டயாபிரம் கிழிந்து, சக்கரம் இறுகிப்போன வண்டியை நகர்த்தவும் இதே போல்ட்தான். பட்டறை வரைக்கும்தானே என்று போடுகிறார்கள். அப்புறம் மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். இப்படி அண்ணாச்சி கழற்றி எடுத்த போல்ட்டுகள் ஒரு பெயின்ட் டப்பா நிறையக் கிடந்தன. போதாததற்கு உப்புக்காற்று. துரு தின்ற ஸ்பிரிங் பூஸ்டருக்குள்ளேயே ஒடிந்து கிடப்பதும் உண்டு.

அடுத்து அண்ணாச்சி பிரேக் வால்வைப் பிரித்து மாட்டியது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அந்த நேரத்தில் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். முன்வண்டி ஒருவருடையது, டிரைலர் இன்னொருவருடையது, லோடு பிடித்துக் கொடுப்பவர் மூன்றாமவர். கமிஷன்தான் முதலில் கழியும். டிரைவருக்கு டிரிப் கணக்கு. பட்டறையில் கிடக்கும் நாளுக்குப் பைசா கிடையாது. “போல்ட்டப் போட்டுட்டு வா, அடுத்த டிரிப்ல பாத்துக்கிடலாம்” என்று போனில் சொல்பவர் அந்த வண்டியில் ஒரு நாளும் ஏறியதில்லை. இதற்குப் பேராசை என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. டிரைலரின் பக்கமே போகாமல் கமிஷனை வாங்கிக்கொள்கிறவருக்கும் அது மோதும்போது பங்கு உண்டு. வழக்கு என்னவோ டிரைவர் தலையில்தான் விழுகிறது.

“முத்துக் குளிக்கப் போறவன் கயித்த மச்சான்தான் பிடிப்பானாம் சார்” என்றார் அண்ணாச்சி, கையைத் துடைத்தபடி. “அக்கா தாலிக்காகவாவது அவன் கைய விடமாட்டான். இங்க கயித்தப் பிடிக்கது யாரு?” அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. அண்ணாச்சி அதைப் பார்த்தவரில்லை. அவருடைய தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறார்.

டிரைலர் வைத்திருப்பவர்களுக்கும் லோடு ஏற்றிவிடுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கன்டெய்னரை ஏற்றும் முன் ஒருமுறை குனிந்து ஒவ்வொரு பூஸ்டரின் பின்பக்கத்தையும் பாருங்கள். நடுவில் போல்ட் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வண்டியைத் துறைமுகத்துக்கு அனுப்பாதீர்கள், பட்டறைக்கு அனுப்புங்கள். அன்றைய கூலியை டிரைவருக்குக் கொடுத்து அனுப்புங்கள்.