மீண்டும் வாக்குக் கேட்டு வருபவர்



'அமெரிக்காவில் இன்ன மாநிலத்தின் கவர்னர் மீண்டும் தேர்தலில் நிற்கிறார்' என்று நாளிதழில் படிக்கும்போது நம்மில் பலருக்குக் குழப்பம் உண்டாகிறது. நம் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவர் எவர் வாசலுக்கும் வாக்குக் கேட்டு வருவதில்லை. அமெரிக்க மாநிலக் கவர்னரோ மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்; ஏறத்தாழ நம் முதலமைச்சருக்கு நிகரானவர். அங்கே பல மாநிலங்களில், தொடர்ந்து இருமுறைக்கு மேல் ஒருவர் அப்பதவியில் இருக்கச் சட்டம் இடம் தருவதில்லை. வர்ஜீனியாவிலோ அடுத்தடுத்து இரண்டாம் முறை நிற்கவே வழியில்லை.

நம் நாட்டில் முதலமைச்சருக்கோ அமைச்சருக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ அத்தகைய வரம்பு கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம், வெல்லலாம். 'போதும்' என்று சொல்வதும், 'இன்னும் ஐந்தாண்டு இருங்கள்' என்று சொல்வதும் முழுக்க வாக்காளரின் பொறுப்பே. ஆகவே பதவியில் இருப்பவர் மறுபடியும் வாக்குக் கேட்டு வரும்போது அவரை எப்படி எடை போடுவது என்ற கேள்வி, அமெரிக்கரைவிட நமக்கே அதிகம் தேவைப்படுகிறது.

எங்கள் போடிநாயக்கனூர்ப் பக்கத்து மக்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. 1984ஆம் ஆண்டு டிசம்பரில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். அவர் வேட்பாளராக நின்ற தொகுதி, எங்களுக்கு அண்மையிலுள்ள ஆண்டிபட்டி. ஒரு நாளும் தொகுதிக்கு வராமல், ஒரு மேடையிலும் பேசாமல் அவர் வென்றார். மருத்துவமனையில் அவர் இருந்த காட்சிகளை வீடியோவில் ஊர் ஊராகக் காட்டினார்கள். எங்கள் தெருவில் அதைப் பார்த்துவிட்டு வந்த என் நன்னிமா, சோறு உண்ணாமல் படுத்துவிட்டார். அந்தத் தேர்தலில் சாலை பற்றியோ குடிநீர் பற்றியோ எங்கள் வீட்டில் எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. "பிழைத்து வரவேண்டும்" என்பது ஒன்றே பேச்சாக இருந்தது.

அன்பினால் இடப்பட்ட வாக்கை நான் குறை கூறவில்லை. ஆயினும் அன்பு வேறு, கணக்குக் கேட்பது வேறு. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஆனால் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

அதன்பின் பதவியில் இருக்கும் ஆட்சி மீண்டும் வெல்வதைத் தமிழகம் காண 32 ஆண்டுகள் ஆயின. 2006இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா, ஆண்டிபட்டியில் தாம் வென்றார். ஆனால் ஆட்சியை இழந்தார். 2016இல்தான் ஆளும் கட்சி மறுபடியும் ஆட்சிக்கு வந்தது. இதே ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றம் சென்றது 1989இல், எங்கள் போடி தொகுதியிலிருந்து, சேவல் சின்னத்தில் என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

முதலமைச்சர் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்பதும் உண்டு. 1966 நவம்பரில் கலிபோர்னியா மாநிலத்தில் மூன்றாம் முறை நின்ற கவர்னர் பேட் பிரவுனை, ரொனால்ட் ரீகன் என்ற திரைப்பட நடிகர் தோற்கடித்தார். சில மாதங்கள் கழித்து, 1967இல், நம் முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். கடல்களுக்கு அப்பாலும் இப்பாலும் மக்கள் மனம் ஒரே விதமாகத் திரும்பிய காலம் அது.

இனி, போடியின் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இங்கே வென்றவர் திரு. ஓ. பன்னீர்செல்வம். 2021இல் அவர் துணை முதலமைச்சராகவே மக்கள் முன் வந்தார். வாக்கு வித்தியாசத்தை வரிசையாகப் பாருங்கள்: 2011இல் 29,906, 2016இல் 15,608, 2021இல் 11,021. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் பெற்ற வாக்குகள் கூடிக்கொண்டே வந்தன; மூன்றாம் முறை ஒரு லட்சத்தைத் தாண்டின. ஆயினும் வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. பழகிய முகத்துக்கு வாக்களித்தவர்கள் விலகிப் போகவில்லை; மாற்றம் வேண்டியவர்கள் அவர்களைவிட வேகமாகப் பெருகினார்கள் என்பதே இதன் பொருள். வெற்றிச் செய்தியை மட்டும் படிப்பவருக்கு இது தெரியாது.

இதே மலையின் மறுபக்கம் என்ன நடந்தது? போடிமெட்டைக் கடந்தால் கேரளத்தின் உடும்பன்சோலைத் தொகுதி. 2016இல் அங்கே எம்.எம். மணி வென்றது வெறும் 1,109 வாக்குகளில். பின்னர் அவர் மின்துறை அமைச்சரானார். 2021இல் மீண்டும் நின்றபோது வித்தியாசம் 38,305! இரு மாநிலங்களிலும் வாக்குப்பதிவு நடந்தது ஒரே நாள், ஏப்ரல் 6. மாறி மாறி ஆட்சி மாற்றுவதே வழக்கமாக இருந்த கேரள மக்கள், அன்று 140 இடங்களில் 99ஐ ஆளும் அணிக்கே தந்தார்கள். தமிழகத்தில் ஆட்சி மாறியது. போடியிலோ ஆளும் கட்சி வேட்பாளர் வென்றார்; அவருடைய ஆட்சி தோற்றது. ஒரே ஏலக்காய், ஒரே மழை, ஒரே மலை; மூன்று விதத் தீர்ப்புகள்! 'பதவியில் இருந்தவர் தோற்பார்' என்றோ, 'வெல்வார்' என்றோ பொதுவிதி எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் மக்கள் எதையோ எடைபோட்டே தீர்ப்பளிக்கிறார்கள்.

எடைபோடுதல் என்றதும் எங்கள் ஊர்ப் பெண்களின் வேலைதான் நினைவுக்கு வருகிறது. ஏலக்காய்க் கடைகளில் அமர்ந்து காய்களைத் தரம் பிரிக்கும் பெண்கள், மேலோட்டமான பச்சை நிறத்தைக் கண்டு மயங்குவதில்லை. பருமன் எவ்வளவு, தோல் வெடித்திருக்கிறதா, உள்ளே விதை நிறைந்திருக்கிறதா என்று விரல்களாலேயே அறிந்துவிடுவார்கள். நன்னிமாவும் பல்லாண்டுகள் அந்த வேலை செய்தவர்தாம். காயைத் தரம் பிரிக்கத் தெரிந்த கைக்கு வேட்பாளரைத் தரம் பிரிக்கவும் தெரியும். அதற்குக் கேட்க வேண்டியவை மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது: இது யாருடைய பொறுப்பு? 1928இல் போடிக்கு ரயில் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் அது நிறுத்தப்பட்டது. மீண்டும் போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் மாதத்தில். இடையில் மூன்று சட்டமன்றத் தேர்தல்கள் நடந்து முடிந்தன. மதுரை மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் செல்ல, என் தாயார் உட்பட இங்குள்ளோர் பேருந்தில் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆனால் ரயில்வே மத்திய அரசின் துறை. சட்டமன்ற உறுப்பினரிடம் 'ரயிலை ஏன் ஓட்டவில்லை?' என்று கேட்பது நீதியாகாது. 'அதற்காக நீங்கள் யாரிடம், எத்தனை முறை வற்புறுத்தினீர்கள்?' என்று கேட்பதே நீதி.

இரண்டாவது: நெருக்கடியான நேரத்தில் அவர் என்ன பேசினார்? பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டம் அது. அறிவியலுக்குப் பெருமை என்றனர் ஒரு சாரார். மலையும் மேய்ச்சலும் நீரூற்றும் என்னாகும் என்றனர் மலையடிவார மக்கள். அனுமதி தர இயலாது என்று 2022 பிப்ரவரியில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், உங்கள் பிரதிநிதி அந்த நாட்களில் தெளிவாக வாய் திறந்தாரா என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது அதைக் கேளுங்கள்.

மூன்றாவது: கடந்த முறை தந்த வாக்குறுதித் தாள் எங்கே? புதியவரிடம் வாக்குறுதிகளைத்தான் கேட்க முடியும். பழையவரிடம் கணக்கைக் கேட்கலாம். பதவியில் இருப்பவரின் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே. நம் வீடுகளில் 'அமானிதம்' என்றொரு சொல் புழங்குகிறது. ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்பவரிடம் எவரும் கோபித்துக்கொள்வதில்லை. ஐந்தாண்டுக்கு ஒப்படைத்த அதிகாரமும் அத்தகையதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைத் தோட்டங்களுக்குச் செல்லும் எங்கள் சகோதரியருக்கு, வாக்களிக்க இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற அச்சம் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் விடுமுறை அளிக்கச் சொல்கிறது. நாட்கூலிக்கு வேலை செய்வோரும் அதில் அடங்குவர். இதை அறியாதோர் இன்னும் பலர். உங்கள் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும், கடைச் சிப்பந்திக்கும், தோட்டத் தொழிலாளிக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். நீங்களே முதலாளியாக இருந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் கொடுத்துவிடுங்கள்.

வாசகர்களே! அடுத்த முறை பதவியில் இருப்பவர் உங்கள் வாசலில் கைகூப்பி நிற்கும்போது, அவர் எந்தக் கட்சியினராயினும் அமரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். பிறகு வீட்டிலுள்ள பெண்களையும் அழைத்து வைத்துக்கொண்டு, மூன்று கேள்விகளையும் அமைதியாகக் கேளுங்கள். பதில் தருபவரா, நழுவுபவரா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.