அப்பாயி வெட்ட விடாத ஓரம்

சென்ற ஆண்டு ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அலுவலக நண்பர் ஒருவர் கைப்பேசியில் ஒரு புத்தகத்தின் படத்தைக் காட்டினார். இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் 1896ல் அச்சிட்ட சாசர் கவிதைத் தொகுப்பு. உள்ளே 87 படங்கள். வெள்ளைப் பன்றித் தோலில் அட்டை, மூடி வைக்க வெள்ளிக் கொக்கி. நண்பருக்கு இப்படிப்பட்ட புத்தகங்கள் என்றால் உயிர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரத்தினக் கற்கள் பதித்த உமர் கய்யாம் நூல் ஒன்று 1912ல் டைட்டானிக்கோடு கடலில் போன கதையையும் சொல்லி, சொந்தப் பொருள் தொலைந்ததுபோல் வருத்தப்பட்டார். பிறகு கேட்டார்: “உங்கள் மொழியில் இந்த மாதிரி ஏதாவது உண்டா?”

சட்டென்று பதில் வரவில்லை. தோலும் தங்கமும் நம் வீடுகளில் புத்தகத்துக்குச் செலவானதில்லை. ஆனால் உட்லண்ட்சில் எங்கள் வீட்டு பாம் ஷெல்ட்டரில், மடக்கு நாற்காலிகளுக்கும் பொங்கல் பானைக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டி இருப்பது நினைவுக்கு வந்தது. அதில் என் அப்பாயி பைண்டு செய்து வைத்த ‘பொன்னியின் செல்வன்’ இருக்கிறது. கடையில் வாங்கிய புத்தகம் அல்ல. ‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வந்த தொடர்கதையை, வாராவாரம் கிழித்துச் சேர்த்துக் கட்டியது.

இதை அனுபவித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். இதழ் வந்ததும் வீட்டில் எல்லாரும் படித்து முடிக்க வேண்டும். பிறகு நடுவில் இருக்கும் பின்னைப் பிரித்துத் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் எடுத்து, சுருங்காமல் இருக்க மெத்தைக்கு அடியிலோ டிரங்குப் பெட்டியிலோ வைக்க வேண்டும். ஒரு பாகம் சேர்ந்ததும் பைண்டரிடம் போகும். அவர் ஓரமாக ஓட்டை போட்டு நூல் கோத்து, மயில்துத்தம் கலந்த பசை தடவி, கனத்த அட்டையும் காலிகோ துணி முதுகும் ஒட்டித் தருவார். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ கோபுலுவின் படங்களோடும், சாண்டில்யனின் ‘கடல் புறா’ லதாவின் படங்களோடும் இப்படித்தான் எத்தனையோ வீடுகளில் புத்தகமாயின.

கதை இன்று எங்கும் கிடைக்கிறது. நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன; கைப்பேசியிலேயே படிக்கலாம். இந்தப் பழைய கட்டுகளின் மதிப்பு படங்களில். முதல்முறை தொடர் வந்தபோது வரைந்தவர் மணியம். பின்னாளில் ‘கல்கி’ அதே கதையை மறுபடி மறுபடி வெளியிட்டபோது வினு, பத்மவாசன் என்று வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். பைண்டு செய்த கட்டு கையில் கிடைத்தால், சேகரிப்பவர்கள் முதலில் படத்தின் மூலையில் இருக்கும் கையெழுத்தைத்தான் பார்ப்பார்கள். கட்டு எந்தக் காலத்தது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்பாயி மன்னார்குடிப் பக்கம். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலையில் இருந்தார். 1956ல் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி இங்கே வந்தபோது, அப்பாயி கொண்டு வந்த பெட்டிகள் இரண்டு. ஒன்றில் பாத்திரம், மற்றொன்றில் ஐந்து பாகமும். “புருசன் வீட்டுக்குப் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்தவ” என்று தாத்தாவின் தங்கை கடைசிவரை கேலி செய்வாராம்.

முதல் பாகத்தைத் திறந்தால் பக்க ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருக்கும். கத்தியால் வெட்டியதுதான். பைண்டர் அழகு பார்த்து மூன்று பக்கமும் நறுக்கியதில், மணியம் வரைந்த ஒரு குதிரைக்கு வால் பாதி போய்விட்டது. அப்பாயிக்கு வந்த கோபத்தை அப்பா இன்றும் நடித்துக் காட்டுவார். “கட்டிக் குடுக்கச் சொன்னா குதிரை வாலை அறுத்துட்டு வந்து நிக்கிறியே!” இரண்டாம் பாகத்திலிருந்து வெட்டவே விடவில்லை. அதனால் மற்றவை ஒரு பக்கம் நீட்டி, ஒரு பக்கம் குட்டையாக, பார்க்க அவலட்சணமாக இருக்கும். படங்கள் முழுசாக இருக்கின்றன. அந்த ஓரங்களில் அப்பாயி பென்சிலால் பால் கணக்கு எழுதியிருக்கிறார். ஓரிடத்தில் அப்பாவுக்கு அம்மை போட்ட தேதி.

அப்பாயி 2009ல் காலமானார். பெட்டி என்னிடம் வந்தது. நான் அதற்குச் செய்த கொடுமையையும் சொல்லிவிடுகிறேன். கிழிந்திருந்த பக்கங்களையெல்லாம் ஆசையாக ஒட்டுநாடா போட்டு ஒட்டினேன். பிறகு இரும்புக் கதவு போட்ட, காற்றே போகாத ஷெல்ட்டரில் வைத்துப் பூட்டினேன். 2022ல் மணிரத்னத்தின் படம் வந்த நேரம். மகள் கதையைக் கேட்டாள் என்று பெட்டியைத் திறந்தால், ஒட்டுநாடா பழுப்பேறி மையையும் இழுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் பாகத்தின் முதுகில் வெள்ளிப்பூச்சி. நம் பெரியவர்கள் அதற்கு இராமபாணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தைத் துளைக்கும் துல்லியம் அப்படி.

விடுமுறைக்குச் சென்னை போனபோது மூன்றாம் பாகத்தை ஒரு பைண்டரிடம் காட்டினேன். புதிதாகக் கட்டி, ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயரும் அடித்துத் தருவதாகச் சொன்னார். “ஓரம் மட்டும் கொஞ்சம் வெட்டணும்மா, அப்பதான் ஃபினிஷிங் வரும்.” எழுபது வருடம் கழித்து அதே பேச்சு! வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அலுவலக நண்பர் காட்டிய புத்தகத்தின் பளபளப்புக்கு முன்னால் என்னுடையது சந்தைக்குப் போன பழைய பைபோல இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அப்பாயி சண்டை போட்டுக் காப்பாற்றிய அரை அங்குலத்தை நான் எப்படி வெட்டக் கொடுப்பேன்?

அதே பயணத்தில் தரமணிக்குப் போய் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் பார்த்தேன். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர் முத்தையா. வாழ்நாள் முழுக்கப் பழைய புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ் என்று சேர்த்தார். 1992ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தத் தொகுப்பை வாங்கியது. ஆனால் கப்பல் ஏற்றவில்லை. 1994ல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். அழகான அட்டைக்காக மட்டும் அந்த மனிதர் சேர்த்திருந்தால் பாதிக்கு மேல் குப்பைக்குப் போயிருக்கும் என்று அங்கே நிற்கும்போது தோன்றியது.

இப்போது பெட்டி ஷெல்ட்டரில் இல்லை. கேமரா வைக்கும் ஈரப்பதக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி வரவேற்பறையில் வைத்திருக்கிறேன். 50 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறது. இனிக் கிழிசலுக்கு ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும்தான். ஒட்டுநாடா பக்கம் கை போகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஓர் அத்தியாயம் தட்டுத்தடுமாறி வாசிப்பாள். பள்ளிப் பாடத்துக்கு இழுத்துப் பிடித்து உட்கார வைக்க வேண்டிய பிள்ளை, மணியத்தின் படம் எந்தப் பக்கத்தில் வருகிறதோ அதுவரை தானாகப் படிக்கிறாள்.

ஆனால் அவளுக்கு முடிவைக் காட்ட என்னிடம் ஐந்தாம் பாகம் இல்லை. கடற்படைத் தளக் குடியிருப்பில் இருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா இரவல் வாங்கினார். 1971ல் பிரிட்டிஷார் தளத்தை விட்டுப் போன சமயத்தில் அந்தக் குடும்பமும் இடம் மாறியது. ஊருக்குப் போனார்களா, இங்கேயே வேறு பேட்டைக்குப் போனார்களா, வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அப்பாயி கோபப்படவில்லை, முடிவுதான் மனப்பாடமாயிற்றே என்பார்.

திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் எனக்கு ஓர் ஐந்தாம் பாகம் கிடைத்தது. மணியம் படங்கள்தான். 4,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முதல் பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் பெயர், அழகான ஊதா மையில். ஓரமெல்லாம் நேராக வெட்டியிருக்கிறது. மற்ற நான்கோடு சேர்த்து வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. அந்தப் பெண்ணின் பேத்தியும் எங்கேயோ இதைத் தேடிக்கொண்டிருப்பாளோ என்று ஒரு குறுகுறுப்பு.

எங்களுடையதற்குப் பச்சைக் காலிகோ முதுகு. ஓரங்கள் வெட்டப்படாமல் மேடுபள்ளமாக இருக்கும். கடைசி அட்டையின் உள்பக்கம் பென்சிலில் பால் கணக்கு. உங்கள் வீட்டுப் பரண் பெட்டியிலோ ஷெல்ட்டரிலோ அப்படி ஒன்று இருந்தால், திருப்பித் தர வேண்டாம். கடைசிச் சில படங்களை மட்டும் என் மகள் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளட்டும்.